ஜீப்புல ஃப்ரிட்ஜும் சில அறிவாளிகளும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான, கொஞ்சம் கோவமான பதிவு. பி.பி. இருக்கறவங்க மாத்திரை போட்டுட்டு வாங்க. வீட்டுல யாருக்காவது சுகர் இருந்தா கண்டிப்பா கடைசி வரைக்கும் படிங்க.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா ஏலாக்குறிச்சி. அரியலூர் மாவட்டம், கொள்ளிடத்துக்கு வடகரை. வீரமாமுனிவர் வந்து உக்காந்து கோயில் கட்டி, திருக்காவலூர்னு பேரு வச்சு, அந்தப் பேருல கலம்பகமும் பாடின ஊரு. டீக்கடை வாசல்ல வண்டிய நிறுத்திட்டு பின்கதவத் திறந்தேன். அவ்ளோதான், கூட்டம் கூடிருச்சு. நம்ம ஊர்ல பொலிரோவும் ஜீப்புதான், தாரும் ஜீப்புதான். என்னோடது பழைய பொலிரோ ஃபோர் வீல் டிரைவ். பின்னாடி எதிரெதிரா இருக்கற சீட்டுக்கு நடுவுல ஆசாரி செஞ்சு குடுத்த பிளைவுட் பெட்டி, அதுக்கு மேல ஒரு சின்ன ஃப்ரிட்ஜ்.

"ஏம்ப்பா, ஜீப்புக்குள்ள ஃப்ரிட்ஜா? பீர் பாட்டில் வைக்கவா?" - இது ஒரு பெருசு. சிரிப்பு.

"பொட்டி தட்டுற பசங்களுக்குக் காசு எங்க வச்சுக்கறதுன்னு தெரியல மாமா" - இது இன்னொருத்தர். இன்னும் பெரிய சிரிப்பு.

நானும் சிரிச்சு வச்சேன். சென்னைக்குத் திரும்பி வந்ததும் இதுக்கு நேர் எதிர்ப் பாட்டு. வார இறுதியில ஜீப்ப எடுத்துக்கிட்டு காடு மலைன்னு சுத்தற கூட்டம் ஒண்ணு இருக்குல்ல, அதுல ரெண்டு பேர் வண்டிய எட்டிப் பார்த்தாங்க. "என்ன பாஸ், பிளைவுட்டா? மீன் பெட்டி மாதிரி இருக்கு. பண்ணா ஒழுங்காப் பண்ணணும், இல்லாட்டி பண்ணவே கூடாது." அவங்க சொல்ற 'ஒழுங்கு'ன்னா என்னன்னு விசாரிச்சேன். ஆஸ்திரேலியாலேர்ந்து வர்ற இழுப்பறை, ஆஸ்திரேலியாலேர்ந்து வர்ற ஃப்ரிட்ஜ், அதை இழுக்க ஒரு ஸ்லைடு. கணக்குப் போட்டா என் வண்டி விலையத் தாண்டுது.

ஆக, ஊர்ல கேட்டா நான் பணத்திமிர் புடிச்சவன். சென்னைல கேட்டா நான் பிச்சைக்காரன். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில் எழுதத்தான் இந்தப் பதிவு.

முதல்ல, எதுக்கு இந்த ஃப்ரிட்ஜ்?

அப்பாவுக்கு சுகர். இன்சுலின் போடறாரு. சென்னைக்கு வந்து எங்ககூட இருங்கன்னா கேக்க மாட்டாரு. அவருக்கு வயலு, வரப்பு, காலைல கொள்ளிடக்கரை நடை. அதனால நாந்தான் போய்ட்டு வந்துட்டு இருக்கேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மே மாசம். செக்கப்புக்கு வந்தவரை நானே ஊர்ல கொண்டு விட்டேன். ரெண்டு மாசத்துக்கான இன்சுலினை மொத்தமா வாங்கியாச்சு. மீன் கடைல தெர்மாகோல் பெட்டி ஒண்ணு வாங்கினேன். ஃப்ரீசர்ல ரெண்டு நாள் கிடந்த ஜெல் பாக்கெட்டுங்கள எடுத்து, மருந்துக்கு மேலயும் கீழயும் நல்லா அமுக்கி வச்சேன். "சூப்பரா ஜில்லுன்னு இருக்கு"ன்னு எனக்கு நானே சபாஷ் வேற. எஞ்சினியர்ல!

நாலாவது நாள் அம்மா போன். "அப்பாவுக்கு ஒரே தாகம்பா, ராத்திரி பூரா எழுந்துக்கறாரு, ஊசி போட்டும் சுகர் நானூறுக்கு மேல காட்டுது." திருமானூர் பாலம் தாண்டி தஞ்சாவூர்ல கொண்டு போய்ச் சேர்த்தோம். மூணு நாள். அங்க டாக்டர் கேட்ட ரெண்டாவது கேள்வி: "மருந்த எதுல வச்சுக் கொண்டு வந்தீங்க?"

அப்பத்தான் தெரிஞ்சுது. இன்சுலின் கெட்டுப் போறதுக்கு வெயில் மட்டும் காரணமில்ல. உறைஞ்சாலும் போச்சு. உறைஞ்ச மருந்து திரும்ப உருகினாலும் வேலைக்காவாது, தூக்கித்தான் போடணும். பிரிக்காத மருந்துக்கு 2-லேர்ந்து 8 டிகிரி. பிரிச்சு உபயோகத்துல இருக்கறத சாதாரணமா 30 டிகிரிக்குக் கீழ கிட்டத்தட்ட நாலு வாரம் வெளில வச்சுக்கலாம் (மருந்துக்கு மருந்து மாறும், அட்டைல போட்டிருக்கும், படிங்க). ஃப்ரீசர்லேர்ந்து அப்படியே எடுத்த ஜெல் பாக்கெட் பூஜ்யத்துக்கும் எவ்ளோ கீழ இருக்கும்? அதை மருந்தோட உடம்புல ஒட்டி வச்ச மகாபுத்திசாலி நான். யாரையும் குத்தம் சொல்ல முடியாது. என் முட்டாள்தனம், அப்பா உடம்புல கணக்கு தீர்த்துக்கிச்சு.

பீர் பாட்டில் வைக்கவான்னு கேட்ட பெருசு, இப்ப சொல்லுங்க.

நர்ஸம்மா சொல்லிக் குடுத்த பாடம்

அப்பா ஊருக்குத் திரும்பினதும் பக்கத்து சுகாதார நிலையத்து கிராம சுகாதார செவிலியர் பார்க்க வந்தாங்க. கைல நீலக் கலர் தடுப்பூசிப் பெட்டி. கதையக் கேட்டுட்டு அந்தப் பெட்டியத் திறந்து காமிச்சாங்க. நாலு சுவத்துக்கும் நாலு ஐஸ் பாக்கெட், நடுவுல மருந்து. ஆனா அந்த ஐஸ் பாக்கெட்ட ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த உடனே உள்ள வைக்க மாட்டாங்களாம். வெளில வச்சு வேர்க்க விட்டு, காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாப்பாங்க. உள்ள தண்ணி 'சளக்'குன்னு சத்தம் வரணும். வந்தா பாக்கெட் பூஜ்ய டிகிரிக்கு வந்துருச்சுன்னு அர்த்தம், இனிமே மருந்த உறைய வைக்காது. ஏன்னா மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, முத்தடுப்பூசி எல்லாமே உறைஞ்சா கெட்டுப்போற வகை.

நாலு வருஷம் எஞ்சினியரிங் படிச்சு தெர்மோடைனமிக்ஸ் பேப்பர் எழுதிப் பாஸானவன் நான். உருகும் பொருளோட வெப்பநிலை உருகி முடியற வரைக்கும் மாறாதுங்கறத எழுதி மார்க் வாங்கினவன். அதை வச்சு ஒரு மருந்தக் காப்பாத்தத் தெரியல. அவங்க ஒரு 'சளக்'குல மொத்தப் பாடத்தையும் முடிச்சுட்டாங்க.

அதனால என் முதல் வாதம் இது: குளிர்பெட்டிங்கறது ஆஸ்திரேலியாக்காரன் கண்டுபுடிச்ச ஆடம்பரமும் இல்ல, நம்ம ஊருக்கு அந்நியமும் இல்ல. நர்ஸம்மா பெட்டி, டிவிஎஸ் எக்ஸெல்லுல கட்டின மீன்காரர் பெட்டி, ஐஸ்காரர் வண்டி எல்லாமே ஓடற வண்டியில குளிரக் காப்பாத்தற வித்தைதான். அவங்க பேரு 'ஓவர்லேண்டிங்'னு வச்சுக்கல, அவ்ளோதான்.

"அப்ப தெர்மாகோல் பெட்டியே போதுமே, ஃப்ரிட்ஜ் எதுக்கு?"

நியாயமான கேள்வி. ஒரு நாள் பயணத்துக்குப் போதும்னு நானே சொல்றேன். கணக்கு பாருங்க. 40 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம், 25 மி.மீ. தடிமன் தெர்மாகோல். வெளில 40 டிகிரி, உள்ள 4 டிகிரி. சுவர் வழியா உள்ள வர்ற சூடு சுமார் 33 வாட். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேணும். ஆக அஞ்சு கிலோ ஐஸ் தாங்கறது ஏறக்குறைய 14 மணி நேரம். சுவரை ரெண்டு மடங்கு தடிமனாக்கினா 28 மணி நேரம். மூடியத் திறந்து திறந்து பார்த்தா இதுல பாதிதான்.

ஒரு நாள்னா சரி. நாலு நாள்னா? ராத்திரி நிறுத்தற எடத்துல எல்லாம் ஐஸ் எங்க தேடுவீங்க?

இன்னொண்ணு. 2018 நவம்பர் 16 கஜா புயல் யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா? வேதாரண்யம் பக்கம் கரை கடந்து நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைன்னு உரிச்சுப் போட்டுச்சே. பேராவூரணிப் பக்கம் எங்க சித்தி வீட்டுல வாரக்கணக்குல கரண்ட் கிடையாது. தென்னை போச்சு, ஓடு போச்சு. வீட்டு ஃப்ரிட்ஜ் வெறும் பீரோவா நின்னுச்சு. அந்த வீட்டுலயும் சுகர்காரங்க இருந்தாங்க. அப்ப ஒரு வண்டியில பேட்டரியோட ஓடற ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் இருந்திருந்தா தெருவுக்கே மருந்து காப்பாத்தியிருக்கலாம். இது சொகுசுன்னா, ஆமா சார், சொகுசுதான்.

இப்ப 'மலிவு' கோஷ்டிக்கு வர்றேன்

பந்தா கோஷ்டிய விட இவங்க ஆபத்து. "மூவாயிரம் ரூவாய்க்குக் கார் ஃப்ரிட்ஜ் கெடைக்குது பாஸ், சிகரெட் லைட்டர்ல சொருகினா போதும்." அது ஃப்ரிட்ஜே இல்லைங்க. பெல்டியர்னு ஒரு சில்லு, அதுக்கு ஒரு ஃபேன். வெளிச் சூட்ட விட 15, மிஞ்சிப் போனா 20 டிகிரி கம்மி பண்ணும். ஊட்டில வேலை செய்யும். மே மாசம் அரியலூர் வெயில்ல மூடின வண்டிக்குள்ள 50 டிகிரி இருந்தா, அது குடுக்கறது 30 டிகிரி. இதுக்குப் பேரு குளிர்பெட்டியா? கூடவே நாலஞ்சு ஆம்பியர நிக்காம உறிஞ்சிக்கிட்டே இருக்கும், வண்டி பேட்டரி காலைல ஸ்டார்ட் ஆகாது. தள்ளறதுக்கு ஆள் தேடணும்.

இன்னொரு அறிவாளி, "வீட்டுச் சின்ன ஃப்ரிட்ஜ தூக்கி வச்சு இன்வெர்ட்டர் போட்டுரு" அப்டின்னாரு. வீட்டு ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும்போது ஓடறப்ப எடுக்கறத விடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதுக்குப் பெரிய இன்வெர்ட்டர். அந்த இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே கொஞ்சம் கரண்ட் தின்னும். மேல, சிமெண்ட் லாரி ஓடி ஓடிப் பள்ளமான எங்க ரோட்டுல அந்த ஃப்ரிட்ஜ் குலுங்கற குலுங்கலுக்கு எத்தனை நாள் தாங்கும்?

வேணுங்கறது 12 வோல்ட்டுல நேரா ஓடற கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ். ஓடறப்ப 45-50 வாட், ஆனா விட்டு விட்டுத்தான் ஓடும். எங்க ஊர் வெயில்ல பாதி நேரம் ஓடுதுன்னு வச்சுக்கிட்டாலும் சராசரி 25 வாட், அதாவது ரெண்டு ஆம்பியர். 100 ஆம்பியர் அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரில 80-ஐ உபயோகிச்சா 40 மணி நேரம். வண்டிய தினம் ரெண்டு மணி நேரம் ஓட்டினாலே, 20 ஆம்பியர் சார்ஜர் வழியா 40 ஆம்பியர் அவர் திரும்ப ஏறிடும். தீர்ந்துது.

எங்க மிச்சம் புடிக்கலாம், எங்க கூடாது

இதுதான் மொத்த சண்டையோட சாரம். பந்தா கோஷ்டி எல்லாத்துலயும் செலவு பண்ணுது. மலிவு கோஷ்டி எல்லாத்துலயும் மிச்சம் புடிக்குது. ரெண்டுமே யோசிக்காம இருக்கறதுக்கு வழி. கண்ணுக்குத் தெரியற எடத்துல மிச்சம் புடிங்க, உயிருக்கு ஆபத்தான எடத்துல புடிக்காதீங்க.

மிச்சம் புடிக்க வேண்டியவை:

1. பெட்டி. 12 மி.மீ. தண்ணி தாங்கற பிளைவுட், எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணு சுமார் 23-24 கிலோ. 18 மி.மீ. போட்டா 35 கிலோ, தேவையே இல்ல. ஒண்ணரை ஷீட்டுல வேலை முடிஞ்சுது. ஊர் ஆசாரி ரெண்டு நாள்ல செஞ்சு குடுத்தாரு. இழுப்பறைக்கு பால் பேரிங் சேனல் வேணாம்னுட்டாரு. "தூசி ஏறி சிக்கிக்கும் தம்பி, மர ரீப்பர் போட்டு மெழுகு தேச்சு விடறேன்." அரியலூர் புழுதி தெரிஞ்ச மனுஷன் சொல்றது. இன்னிக்கு வரைக்கும் வழுக்கிக்கிட்டு ஓடுது.

2. பேரு. ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் குளிர வைக்காது. நான் வாங்கினது தெரிஞ்சவர்கிட்ட பழசு, 35 லிட்டர்.

3. மேல போடற போர்வை. சணல் சாக்கு, அலுமினியம் ஒட்டின ஃபோம் ஷீட்டு. ஆனா ஃப்ரிட்ஜோட காத்து ஓட்டையை மூடிடாதீங்க, சூடு வெளில போகலன்னா அது ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

மிச்சம் புடிக்கவே கூடாதவை:

1. ஒயர். "ஃப்ரிட்ஜ் டப்பா, ஆன் ஆகி ஆன் ஆகி ஆஃப் ஆவுது"ன்னு பொலம்பற பத்துப் பேர்ல பாதிப்பேருக்கு ஃப்ரிட்ஜ் மேல தப்பு இருக்காது. முன்னாடி பேட்டரிலேர்ந்து பின்னாடிக்கு அஞ்சு மீட்டர், போய் வர பத்து மீட்டர். 1 சதுர மி.மீ. ஒயர்ல 5 ஆம்பியர் போனா வழியிலயே 0.86 வோல்ட் காணாமப் போகும். கம்ப்ரஸர் கெளம்பற நேரம் இன்னும் அதிகம். பேட்டரியப் பாதுகாக்கற கட்-ஆஃப் அதைப் பார்த்து 'பேட்டரி காலி'ன்னு நினைச்சு நிறுத்திடும். 6 சதுர மி.மீ. போடுங்க, 0.14 வோல்ட்டுதான் போகும். வித்தியாசம் சில நூறு ரூபா.

2. ஃப்யூஸ். பேட்டரிலேர்ந்து அரை அடிக்குள்ள. ஃப்ரிட்ஜ் பக்கத்துல போட்டா ஃப்ரிட்ஜத்தான் காப்பாத்தும். தகரத்துல உரசி ஒயர் தோல் உரிஞ்சா தீப்புடிக்கறது நடுவுல. தகரத்துல ஓட்டை போட்ட எடமெல்லாம் ரப்பர் வாஷர் கண்டிப்பா. பத்து ரூபா சமாச்சாரம், வண்டியே எரியாம காப்பாத்தும்.

3. கட்டு. 60 கி.மீ. வேகத்துல போற வண்டி ஒரு மீட்டருக்குள்ள நின்னுச்சுன்னு வைங்க (சுண்ணாம்புக்கல் லாரி பின்னாடி சொருகினா அப்படித்தான் நிக்கும்). கிட்டத்தட்ட 14 மடங்கு புவியீர்ப்பு. 20 கிலோ ஃப்ரிட்ஜ் 280 கிலோவா உங்க பின்மண்டைக்கு வரும். கயிறு போட்டு கட்டினேன்னு சொல்றவங்கள நாலு அறை விடலாமான்னு இருக்கு. லாரிக்காரங்க போடற ராட்செட் பட்டை, வண்டியோட இரும்பு கொக்கில.

4. சார்ஜர். லித்தியம் பேட்டரிய ஆல்டர்னேட்டர்ல நேரா மாட்டினா அது கெடைக்கிற கரண்ட் மொத்தத்தையும் உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் சூடாகி மண்டையப் போடும். நடுவுல டிசி-டிசி சார்ஜர் அவசியம். பேட்டரிய பானெட்டுக்குள்ள வைக்காதீங்க, 45 டிகிரிக்கு மேல இந்த வகை பேட்டரிய சார்ஜ் பண்ணக் கூடாது.

5. தெர்மாமீட்டர். ஃப்ரிட்ஜ் மூஞ்சில காட்டற எண்ணை நம்பாதீங்க. மருந்து பக்கத்துல தனியா ஒண்ணு, குறைஞ்சபட்சம்-அதிகபட்சம் ஞாபகம் வச்சுக்கற டிஜிட்டல் மீட்டரு. நான் 5 டிகிரில செட் பண்ணிட்டு, மருந்து டப்பாவைச் சுவத்துல ஒட்டாம நடுவுல வைக்கறேன். சுவர் ஓரம் உறையும். அந்தப் பாடம் எனக்கு ஒரு தடவை போதும்.

இன்னொண்ணு, சீட்டைக் கழட்டாதீங்க. 2019 ஜனவரில உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவ வச்சு, ஆர்.சி.ல இருக்கற தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு தெளிவா சொல்லியாச்சு. என் பெட்டி சும்மா பட்டை போட்டுக் கட்டினது. பத்து நிமிஷத்துல கழட்டி இறக்கிடுவேன். பாடில ஒரு ஓட்டை போடல.

பேட்டரியும் ஃப்ரிட்ஜும்தான் பெருஞ்செலவு. அது நீங்கலா பிளைவுட், ஆசாரி கூலி, ஒயர், ஃப்யூஸ், பட்டை எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது பதினோராயிரம் ரூபா. மொத்தமும் சேர்த்தாலும் அந்தக் கூட்டம் சொன்ன ஆஸ்திரேலிய இழுப்பறை விலைக்கே வராது. அதுவும் கையில இல்லாதவங்களுக்கு நர்ஸம்மா வழி இருக்கு: நல்ல பெட்டி, ஆட்டினா 'சளக்'குன்னு சத்தம் வர்ற ஐஸ் பாக்கெட், நடுவுல துணி, ஒரு தெர்மாமீட்டர். இருநூறு முன்னூறு ரூபா வேலை. இதையே நான் அன்னிக்குச் செஞ்சிருந்தா அப்பா தஞ்சாவூர்ல மூணு நாள் படுத்திருக்க மாட்டாரு. எனக்குக் குறைஞ்சது பணம் இல்ல, புத்தி.

போன மாசம் அப்பா அம்மாவ வேளாங்கண்ணி, நாகூர்னு நாலு நாள் சுத்திக் காமிச்சேன். அப்பா தினம் ராத்திரி டார்ச் அடிச்சு மீட்டரப் பார்த்துட்டு "அஞ்சுதான் காட்டுது, படுடா"ன்னு சொல்லிட்டுத்தான் தூங்கினாரு. திரும்பி வர்ற வழில வண்டிய டீக்கடைல நிறுத்தினப்ப அதே பெருசு. இந்தத் தடவை சிரிக்கல. என்னைத் தனியாக் கூப்பிட்டு, "தம்பி, என் வீட்டுக்காரிக்கும் ஊசி மருந்துதான். நாங்க மண்பானைத் தண்ணிக்குப் பக்கத்துல வைக்கறோம். சரியா அது?"ன்னு கேட்டாரு.

பிரிச்ச மருந்துக்கு நிழலான எடம், மண்பானைப் பக்கம் பரவால்ல, பிரிக்காதது வீட்டு ஃப்ரிட்ஜுல கதவுப் பக்கம், ஃப்ரீசர் கிட்ட வேணாம்னு சொன்னேன். எதுக்கும் நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்கன்னும் சொன்னேன். தலைய ஆட்டிட்டு டீக்குக் காசு அவரே குடுத்தாரு.

பந்தா கோஷ்டி, மலிவு கோஷ்டி ரெண்டு பேரும் வரிசைல வந்து கும்மலாம். பிளைவுட்ட திட்டுங்க, பழைய பொலிரோவ திட்டுங்க. ஆனா திட்டறதுக்கு முன்னாடி உங்க வண்டியில ஃப்யூஸ் பேட்டரிலேர்ந்து எவ்ளோ தூரத்துல இருக்குன்னு ஒரு தடவை பானெட்டத் திறந்து பார்த்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்.

பி.கு.: பீர் வைக்கலாமான்னு கேட்ட நண்பர்களுக்கு - எடம் இல்ல மக்கா. மருந்து போக மிச்ச எடத்துல அம்மா தயிரும் மாங்காத் தொக்கும் வச்சுட்டாங்க.